பாணுக்கு இன்வாய்ஸ் போட்ட டீமேக்கர்

வீட்டில் சுட்ட பாணுக்கு இன்வாய்ஸ் நம்பர் போட்டு, சாம்பிள் அனுப்பி, புரோக்கரிடம் ரிப்போர்ட் கேட்ட மனிதர் ஊவா மாகாணத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் பதுளையில் எங்கள் தெருவில் இருக்கிறார். அந்தப் புரோக்கர் நான். பாண் என்று நாங்கள் சொல்வது பேக்கரி பிரெட்டை.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. கரண்ட் பில்லில் பார்த்திருக்கிறேன். ஆனால் தெருவில் உள்ள பதினொரு வீட்டிலும் அவர் டீமேக்கர்தான். பசறைப் பக்கத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் அந்த வேலை பார்த்தவர். கொழுந்து வந்து இறங்கியது முதல் தேயிலையாகி லொறியில் ஏறும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. வாட்டுவது, அரைப்பது, நொதிக்க விடுவது, சுடுவது, சலிப்பது. நொதித்தது போதும் என்று சொல்வது மட்டும் அவருடைய மூக்கு. அவர் ஓய்வு பெற்றார். மூக்கு ஓய்வு பெறவில்லை. ஒருநாள் என்னோடு பேசிக்கொண்டே போனவர், ஒரு வீட்டு வாசலில் நின்று, "இந்த வீட்டுப் பருப்பு இன்னும் ரெண்டு நிமிஷத்துல அடிப்பிடிக்கும்" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டரை நிமிடம் ஆயிற்று.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும். நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருஷம் கிளார்க். எண்ணக்கூடிய எதையும் எண்ணாமல் விட்டால் எனக்கு அன்று முழுக்க எதையோ தொலைத்த மாதிரி இருக்கும். என் கேட்டிலிருந்து டீமேக்கர் வீட்டுக் கேட்டுக்கு நாற்பத்து நான்கு எட்டு நடக்க வேண்டும். திரும்பி வர நாற்பத்தேழு. ஏற்றம்.

இந்தக் கதை பாண் விலை ஒரே மாதத்தில் மூன்று முறை ஏறிய வருஷம் தொடங்கியது. அதற்குமுன் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண்காரரின் த்ரீவீல் வண்டி வந்தால், தெருவே காசோடு வாசலுக்கு ஓடும். அந்த வருஷம் பாட்டுக் கேட்டதும் எல்லாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினோம். பாண்காரர் நல்ல மனிதர். அவரும் கொஞ்ச நாளில் பாட்டைக் குறைத்து வைத்துக்கொண்டார்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு டீமேக்கரின் மகள் வனிதா கொழும்பிலிருந்து வந்திருந்தாள். நான் வாழ்த்துச் சொல்லப் போனபோது விறாந்தையில் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"ரெண்டு பேருக்கு ஒரு வீடு, ஒரு கரண்ட் பில், ஒரு கேஸ் சிலிண்டர். எதுக்குப்பா? காலைச் சாப்பாட்டுக்கே இவ்வளவு போகுது. வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடுங்க."

"கொழும்புல எனக்கு என்ன வேலை?"

"இங்க என்ன வேலைப்பா?"

டீமேக்கர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு எழுந்து நின்றுகொண்டு சொன்னார்.

"காலைச் சாப்பாடு இனி என் பொறுப்பு. இன்னையிலருந்து கடைப் பாண் இந்த வாசப்படி ஏறாது. நானே செய்வேன்."

வனிதா அப்பாவின் மகள். அவளும் எழுந்து நின்றாள். "சரி. ஆகஸ்ட் லீவுக்கு வருவேன். மறுநாள் காலையில நீங்க சுட்ட பாணைத்தான் சாப்பிடுவேன். முகம் சுளிக்காம ரெண்டு துண்டு உள்ள போச்சுன்னா நீங்க இங்கேயே இருக்கலாம். போகலைன்னா பெட்டி கட்டணும்."

"கட்டுறேன்."

"பெட்டி கட்டுறதும் நான்தானே" என்றாள் டீமேக்கரின் மனைவி சரசு, உள்ளேயிருந்து.

எனக்கு இதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், எத்தனை எட்டு நடந்தேன் என்பதை எண்ண மறந்திருந்தேன்.

சரசுவுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. "கோதுமை மா இருக்கு, தேங்காய் இருக்கு. பத்து நிமிஷத்துல ரொட்டி தட்டிப் போடுறேன். தொட்டுக்கக் கட்டச் சம்பல் அரைச்சா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்?"

டீமேக்கர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரொட்டி நொதிக்காது, சரசு. நொதிக்காத ஒரு பொருளை நான் என் பொறுப்புல வெளியே விட முடியாது."

ஒரு வாரத்தில் சமையலறை தொழிற்சாலை ஆனது. வாசலில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அதைத் தாண்டினால் செருப்புக் கூடாது. சுவரில் ஈரப்பதம் பார்க்கும் இரட்டை வெப்பமானி. பின்பக்கம் பழைய எண்ணெய்ப் பீப்பாயைப் படுக்கவைத்து மண் பூசி ஓர் அடுப்பு. அதற்கு எரிக்க மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி. அதிகாலை ஐந்தரைக்குப் பெரட்டு என்று அறிவித்தார். தோட்டத்தில் பெரட்டு என்றால் நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். தலையெண்ணி வேலை பிரிப்பார்கள். இங்கே ஆள் ஒன்று.

"பெரட்டுக்கு வந்தாச்சுங்க" என்றாள் சரசு, கொட்டாவி விட்டபடி. "நாள் சம்பளம் என்னன்னு சொன்னா கையெழுத்துப் போட வசதியா இருக்கும்."

ஈஸ்ட் வாங்க அவர் மறுத்துவிட்டார். அது கடைச் சாமானாம். கித்துள் மரத்துக் கள்ளும் மாவும் சீனியும் கலந்து ஒரு டின்னில் அடைத்து, சூடான இடம் என்று அரிசிப் பெட்டிக்குமேல் வைத்தார். மூன்றாம் நாள் மத்தியானம், தெருவே சாப்பிட்டுச் சாய்ந்திருந்த நேரத்தில் மூடி புறப்பட்டது. அவர்கள் வீட்டுக் கூரைத் தகரத்தில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. ஒன்றேகால் அங்குலம், நானே ஏணியில் ஏறி அளந்தேன். டீமேக்கர் கீழே நின்று மூக்கைத் தூக்கி, "வேகம் நல்லா இருக்கு" என்றார்.

அடுத்த நாள் காலை ஆறு இருபத்தைந்துக்கு என் கேட்டில் வந்து நின்றார். கையில் ஒரு சின்ன வட்ட டின். தேயிலைச் சாம்பிள் அனுப்பும் டின். அதற்குள் ஒரு துண்டுப் பாண். ஒட்டிய சீட்டில், "இன்வாய்ஸ் நம்பர் 1". தொழிற்சாலையில் ஒவ்வொரு ஈட்டுத் தேயிலைக்கும் அப்படி ஒரு நம்பர் போடுவார்களாம்.

"சரக்குச் செஞ்சவனே சரக்குக்கு விலை சொல்லக் கூடாது" என்றார். "தேயிலைன்னா கொழும்பு புரோக்கருக்குச் சாம்பிள் போகும். குடிச்சுப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவாங்க. இங்க எழுதத் தெரிஞ்சவர், பொய் சொல்லாதவர் நீங்கதான். தினமும் எழுதிக் குடுங்க."

என் மனைவி போன பிறகு என் வீட்டில் காலையில் அடுப்பு எரிவதில்லை. நான்கு கிரீம் கிரேக்கர் பிஸ்கட், பால் இல்லாமல் ஒரு பிளேன்டீ. இலவசமாக ஒரு துண்டுப் பாண் வருகிறது என்றால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்? ஒப்புக்கொண்டேன். கடித்தேன். என் மேல்வரிசைப் பல் செட் பாணிலேயே தங்கிவிட்டது.

ஒரு கொப்பி எடுத்து, தேதி போட்டு, கோடு கிழித்து எழுதினேன்: "இன்வாய்ஸ் 1. நிறம்: செங்கல். எடை: அதுவும் செங்கல். வாசம்: புகை. உப்பு இல்லை. கடிக்க முடியவில்லை, பிளேன்டீயில் ஒன்பது நிமிடம் ஊறிய பின் முடிந்தது."

கொடுக்கும்முன் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். மனிதர் கோபித்துக்கொண்டால் தெருவில் பேச்சுத்துணைக்கு எனக்கு வேறு வீடு இல்லை. டீமேக்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். தலையை ஆட்டினார். "சரியா எழுதியிருக்கீங்க, புரோக்கர். நாளைக்கு உப்புப் போடுறேன்" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குப் புரோக்கர். அதற்குமுன் சார்.

இன்வாய்ஸ் 2 வந்தது. என் ரிப்போர்ட்: "உப்பு இருக்கிறது. வேறெதுவும் இல்லை."

இன்வாய்ஸ் 9: "வெளியே கருகல், உள்ளே களி. நடுவில் ஒரு நூல் அகலத்துக்குப் பாண்."

இன்வாய்ஸ் 17: "நேற்றையதைவிட முன்னேற்றம் என்று சொல்ல நினைத்து, நேற்றைய ரிப்போர்ட்டை எடுத்து வாசித்தேன். இல்லை."

இன்வாய்ஸ் 26க்குக் கொய்யா ஜாமும் சேர்ந்து வந்தது, அதுவும் வீட்டுத் தயாரிப்பு. ஜாம் போத்தல் மூடியைத் திறக்கத் தெருவில் ஆறு ஆண்கள் முயன்றோம். போத்தல் உடைந்தது, மூடி திறக்கவில்லை, ஜாம் போத்தல் வடிவத்தில் அப்படியே நின்றது.

அவர் சுவை பார்க்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். சமையலறை மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். பாணைப் பிட்டு வெந்நீரில் நனைத்து, கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்து 'சர்ர்ர்' என்று உறிஞ்சுவார். என் வீடுவரை கேட்கும். கண்ணை மூடி வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றுவார். பிறகு பக்கத்திலுள்ள வாளியில் துப்பிவிடுவார். தேயிலை ருசி பார்ப்பவர்கள் அப்படித்தான். ஒரு நாளைக்கு இருநூறு கோப்பையைக் குடித்தால் ஆள் என்ன ஆவது?

இன்வாய்ஸ் 41 மட்டும் ஒரு விபத்து. ரேடியோ கேட்டுக்கொண்டே டீமேக்கர் தூங்கிப்போனாராம். மாவு தன்பாட்டில் கூடுதலாக இரண்டு மணி நேரம் கிடந்திருக்கிறது. அந்தத் துண்டு கையில் அமுங்கியது. நான் ஊறவைக்காமல் சாப்பிட்டேன். ரிப்போர்ட்டில் "சாப்பிடலாம்" என்று ஒரே சொல் எழுதினேன். அவர் அதை மூன்று தடவை வாசித்தார். பிறகு கவலையோடு, "எங்கயோ தப்பு நடந்திருக்கு. கண்டுபிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கண்டுபிடித்துத் திருத்தியும் விட்டார். இன்வாய்ஸ் 42 பழையபடி செங்கல்.

வேறு யாராவது இருந்திருந்தால் விட்டிருப்பார்கள். அவர் ஒரு நாளும் விடவில்லை. காய்ச்சலோடு சுட்டார். மழையில் பீப்பாய்மேல் குடை கட்டிச் சுட்டார். நாள் குறையக் குறைய நான்தான் காலண்டரைக் கிழிக்கத் தயங்கினேன். கொப்பியைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். நூறு ரிப்போர்ட்டில் "சாப்பிடலாம்" ஒன்று. "கருகல்" அறுபத்து மூன்று. இந்த வீதத்தில் போனால் ஆகஸ்டில் அந்த வீட்டுக்குப் பூட்டு உறுதி. ஒரு தடவை சரசுவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"தங்கச்சி, வனிதா வர்ற அன்னைக்கு அவர் தூங்கினப்புறம் நீங்க பிசைஞ்சு வச்சா என்ன?"

"பெரட்டுக்கு நின்னாலும் விறகு எடுத்துக் குடுக்கிறதோட சரி, கோடு தாண்ட விடமாட்டாருண்ணே. தொழிற்சாலைக்குள்ள வெளியாளுக்கு அனுமதி இல்லையாம். முப்பது வருஷமா எங்க அடுப்படி, இப்ப நான் வெளியாளு."

ஆடி பிறந்ததும் ஊவாவுக்கு ஒரு வறண்ட காற்று வரும். எங்களுக்கெல்லாம் உதடு வெடிக்கும். தேயிலைக்கு மட்டும் அந்தக் காற்றில்தான் வாசம் ஏறும், விலையும் ஏறும். டீமேக்கர்கள் வருஷம் முழுக்க அதற்குத்தான் காத்திருப்பார்கள். அந்த வருஷம் காற்று கொஞ்சம் பிந்தி, வனிதா வருவதற்குச் சரியாக இரண்டு நாள் முன்னால் மலை இறங்கியது. டீமேக்கர் வாசலில் நின்று மூக்கை உயர்த்தினார். பிறகு என் வீட்டுக்கு ஏறக்குறைய ஓடி வந்தார். எண்ணினேன்: முப்பத்தாறு எட்டு.

"புரோக்கர், நாலு மாசமா நான் பண்ணின தப்பு என்னன்னு தெரிஞ்சுபோச்சு. நான் மாவை வாட்டவே இல்லை!"

"பாண் மாவை யாரும் வாட்டுறதில்லையே."

"அதனாலதான் எல்லாப் பாணும் ஒரே மாதிரி இருக்கு."

முப்பத்தெட்டு வருஷம் கொழுந்தை வாட்டிய மனிதரிடம் அதற்குமேல் என்ன பேச? வனிதா சாயந்திர ரயிலில் வந்து இறங்கினாள். அதே சாயந்திரம் அவர் பின்ஜன்னல் ஓரமாகக் கம்பிவலை கட்டி, சாக்குத் துணி விரித்து, பிசைந்த மாவைக் கொழுந்து பரப்புவதுபோல் மெல்லியதாகப் பரப்பினார். ஊவாக் காற்று அதன்மேல் விடிய விடிய வீசியது.

காலையில் என்னையும் கூப்பிட்டிருந்தார். நான் போனபோது சரசு ஜன்னல் வழியாகக் கைவிட்டு அந்த மாவை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். டொக் டொக் என்றது.

"இது மாவு இல்லைங்க. பலகை."

"வாட்டு கொஞ்சம் ஏறிப்போச்சு" என்றார் டீமேக்கர். முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் தொழில் தெரிந்தவர். பலகையை உடைத்தார், உருட்டினார், சுட்டார். வெளியே வந்ததைச் சல்லடைகளில் சலித்து, பெரியது, நடுத்தரம், தூள் என்று மூன்று தட்டில் வைத்தார். பக்கத்தில் ஒரு கோப்பைப் பிளேன்டீ. "இன்வாய்ஸ் நம்பர் 117" என்று சீட்டும் வைத்தார்.

வனிதா பெரியதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். சத்தம் வந்தது. பதினாலு தடவை மென்றாள். அந்தப் பிள்ளை முகத்தை நேராக வைத்திருக்கத் தன்னால் முடிந்தவரை முயன்றாள்; அதை நான் பார்த்தேன். பதினைந்தாவதில் முகம் தானாகச் சுளித்தது.

டீமேக்கர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர், சுவரிலிருந்த வெப்பமானியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "பெட்டியை இறக்கு, சரசு" என்றார்.

நான் எதையும் எண்ணவில்லை.

வனிதா தண்ணீர் குடித்துவிட்டு அம்மாவிடம் திரும்பினாள். "அப்ப நாலு மாசமா இந்த வீட்டுல காலையில என்னதான்மா சாப்பிட்டீங்க?"

"ரொட்டி. பின்விறாந்தையில ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வச்சுத் தட்டினேன். கடைப் பாண் வரலை. அது உண்மை."

"அப்பாவுமா?"

"அவருந்தான். டீமேக்கர் சரக்கை ருசி பார்ப்பார். விழுங்கமாட்டார்."

"சுட்ட பாணெல்லாம்?"

"பின்னால ரெண்டு கோழி வாங்கி விட்டேன், அதுகளுக்கு. முதல் வாரம் அதுகளும் யோசிச்சுச்சு. அப்புறம் ஊறவச்சுப் போட்டேன். முட்டை வாங்குறதை நிறுத்தி மூணு மாசம் ஆச்சு."

"அப்ப அப்பா செஞ்சதை மனுஷர் ஒருத்தருமே சாப்பிடலையா?"

சரசு கையிலிருந்த அகப்பையால் என்னைக் காட்டினாள்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாரையும்விட அதிகமாக அதிர்ந்தவர் டீமேக்கர்தான்.

"புரோக்கர்... நீங்க துப்பலையா?"

"எதை?"

"சாம்பிளை! சாம்பிளை யாராவது விழுங்குவாங்களா?"

"காலைச் சாப்பாடுன்னு சொன்னீங்க" என்றேன். "நான் சாப்பிட்டேன்."

வனிதா என் கையிலிருந்த கொப்பியை வாங்கினாள். முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். செங்கல். களி. கருகல். ஒரு பக்கத்தில் சிரித்தாள். நாலு பக்கம் தள்ளி மூக்கை உறிஞ்சினாள். நூற்றுப் பதினாறு ரிப்போர்ட். ஒரு நாள்கூட விடுபடவில்லை.

"மாமா, இவ்வளவு கேவலமா இருந்துச்சுன்னு எழுதிட்டு மறுநாளும் ஏன் சாப்பிட்டீங்க?"

"மறுநாளும் கொண்டுவந்தாரே" என்றேன்.

அவள் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "அப்பா, கொழும்புல நீங்க சுட்டா நாங்க எல்லாரும் 'நல்லா இருக்குப்பா'ன்னு சொல்லிட்டு ஒளிச்சு வச்சிடுவோம். இப்படித் திட்டி எழுதிட்டு முழுசாச் சாப்பிடுற ஆளுக்கு நான் அங்க எங்க போறது?" பிறகு அம்மாவிடம் சொன்னாள்: "பெட்டி மேலேயே இருக்கட்டும்மா. ரொட்டி இருக்கா?"

இருந்தது. வனிதா ஐந்து சாப்பிட்டாள். நான் மூன்று. டீமேக்கர் இரண்டை மூக்கருகே கொண்டுபோய், "நொதிக்கலை" என்று சொல்லிவிட்டு விழுங்கினார். போகும்போது என்னைக் கேட்டிலே பிடித்து, குரலைத் தாழ்த்தி, "117க்கு ரிப்போர்ட்?" என்றார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன்: "வாட்டு அதிகம்."

அவர் இன்னும் சுடுகிறார். விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த வாசப்படியைக் கடைப் பாண் ஏறவில்லை. நான் விழுங்குகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து சாம்பிள் அரை அங்குலம் தடித்திருக்கிறது. கூடவே சரசுவின் ரொட்டி ஒன்று, இன்வாய்ஸ் இல்லாமல், வாழையிலையில் சுற்றி வருகிறது.

இன்றைய இன்வாய்ஸ் நம்பர் ஆயிரத்து நாற்பத்தாறு. ஆறு இருபத்தைந்துக்கு வர வேண்டியது ஆறு முப்பத்திரண்டுக்குத்தான் வந்தது. "செருப்பு வார் அறுந்துபோச்சு, புரோக்கர்" என்றார். ரிப்போர்ட்டில் "கருகல். ஏழு நிமிடம் தாமதம்" என்று எழுதினேன். அந்த ஏழு நிமிடத்தில் நான் கேட்டுக்கு ஒன்பது தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்ததை எழுதவில்லை.